காலைத் தூக்கினால் நெடில்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஆவடி ராணுவக் கிடங்கில் டெலிபோன் பேசுகிற வேலை நெமிலிச்சேரி ஜம்புலிங்கத்துக்குக் கிடைத்தது. அவனுடைய இங்கிலீஷுக்காகக் கிடைத்ததல்ல, குரலுக்காகக் கிடைத்தது. கம்பங்கொல்லையில் நின்று கிளி விரட்டிய குரல். பட்டணத்துக்குப் போன டெலிபோன் கம்பி எந்நேரமும் இரைந்துகொண்டிருந்ததால் கத்தத் தெரிந்த ஆள்தான் வேண்டியிருந்தது.

கம்பியில் இங்கிலீஷ் தவிர வேறு பாஷை பேசக்கூடாது என்பது உத்தரவு. நடுவில் ஒட்டுக்கேட்கும் அதிகாரிக்குப் புரிய வேண்டுமாம்.

ஒருநாள் கிடங்குத் தலைவர் கேப்டன் ஹாலோவே, எழுதும் பேப்பர் தீர்ந்துபோனதாகச் சொன்னார். ஜம்புலிங்கம் பட்டணத்துக் குடோனைக் கூப்பிட்டு, "பெப்பர்! பெப்பர்! வெரி அர்ஜன்ட்!" என்று கத்தினான். அந்த வாரமே ஒரு வேகன் நிறைய மிளகு வந்து இறங்கியது. இறக்கிய கூலிகள் தும்மினார்கள், காவலுக்கு நின்ற சிப்பாய்கள் தும்மினார்கள், தும்மலோடு தும்மலாகக் கேப்டன் கையெழுத்துப் போட்டார்.

அவர் ஜம்புலிங்கத்தைத் திட்டவில்லை. அணிவகுப்பால் தீராத வியாதி உலகத்தில் கிடையாது என்பது அவர் நம்பிக்கை. கொசுவை ஒழிக்கக்கூட அணிவகுப்பு நடத்தியவர். மறுநாள் காலை உயிரெழுத்து அணிவகுப்பு என்று அறிவித்தார். சமையற்காரர், குமாஸ்தா, லாரி டிரைவர், யாருக்கும் விலக்கு இல்லை.

சொல்லிக்கொடுக்க, ஊருக்குள் பிள்ளைகளுக்கு ஒண்ணாங்கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்த ஆரோக்கியம்மாளை ஜீப் அனுப்பி அழைத்துவந்தார்கள். பட்டாளத்தைப் பார்த்து அவள் மிரளவில்லை. குறில் வந்தால் காலால் தரையில் ஒரு தட்டு தட்டி நிற்க வேண்டும். நெடில் வந்தால் ஒரு காலைத் தூக்கி, அவள் கைதட்டும்வரை இறக்கக் கூடாது. இதுதான் பாடம்.

"நம்ம குறில் நெடில்தான் ஜம்புலிங்கம். கல்லுக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு?"

"தமிழ்ல கால் போட்டுக் காட்டிடறாங்களே டீச்சரம்மா. இந்த வெள்ளக்காரன் ஒரே எழுத்த வச்சிகினு ஒரு நேரம் நீட்றான், ஒரு நேரம் குறுக்கறான். எனுக்கு இன்னா தெரியும்?"

"தெரியாதுதான். மனப்பாடம் பண்ணணும். காலைத் தூக்குங்க."

தூக்கினான். டெலிபோன் அருகிலும் ஒற்றைக் காலில் நின்றே பேசினான். பேப்பர் வந்தது. கேப்டனுக்குப் பெருமை தாங்கவில்லை. பார்வையிட வந்த பிரிகேடியரிடம் முதலில் காட்டியது பீரங்கியை அல்ல, இந்த அணிவகுப்பைத்தான்.

ஆரோக்கியம்மாள் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். குளியலுக்கான இங்கிலீஷ் வார்த்தை வந்ததும், கேப்டன் கற்றுக்கொடுத்தபடியே "பத்" என்றாள். மொத்தப் பேரும் ஒரு தட்டு தட்டினார்கள்.

லண்டன்காரரான பிரிகேடியரின் முகம் சிவந்தது. "பாத்! ஏன் ஒருவனும் காலைத் தூக்கவில்லை?"

"வடக்கு இங்கிலாந்தில், எங்கள் ஊரில் பத் தான், சார்."

"உங்கள் ஊரில் குளிப்பார்களா என்ன?"

அதற்குமேல் இருவரும் மாறி மாறி உத்தரவு போட்டார்கள். பாதிப் பேர் தட்டினார்கள், பாதிப் பேர் தூக்கினார்கள். யாருக்குக் கைதட்டுவதென்று தெரியாமல் ஆரோக்கியம்மாள் சும்மா நின்றதால், தூக்கிய கால்கள் தூக்கியபடியே இருந்தன. ஒரு சமையற்காரர் சாய்ந்தார்.

"படைக்குக் குளியல் தொட்டி வேண்டுமல்லவா? உன் டெலிபோன்காரன் இப்போதே கேட்கட்டும். எப்படிச் சொல்கிறான் பார்ப்போம்" என்றார் பிரிகேடியர்.

ஜம்புலிங்கத்தின் இரண்டு பக்கமும் இரண்டு அதிகாரிகள் நின்றார்கள். நீட்டினால் கேப்டன் வேலையைப் பிடுங்குவார், குறுக்கினால் பிரிகேடியர். கால் பாதி தூக்கிய நிலையில் நின்றது. வாயைத் திறந்தான்.

"ஹலோ! தொட்டி! குளிக்கிற தொட்டி! வெரி அர்ஜன்ட்!"

இரைச்சலுக்கு நடுவே மறுமுனையில் ஒரு குரல்:

"தொட்டியா? அட, நீ தமிழ் ஆளா அண்ணாத்தே? நான் திருவேங்கடம், அயனம்பாக்கம். இத்தினி நாளா இன்னாத்துக்கு இங்கிலீஷ்ல கத்திகினு கீறே?"

"நீ இன்னாத்துக்குக் கத்தினே?"

"உன்னிய வெள்ளக்காரன்னு நெனச்சிகினு இருந்தேன்பா."

நடுவில் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. ஒட்டுக்கேட்கும் அதிகாரியும் தமிழர்தான் போலிருக்கிறது.

ஜம்புலிங்கம் ரிசீவரை வைத்துவிட்டு, வேலை போயிற்று என்று நின்றான். ஆனால் அதிகாரிகள் காதில் நின்றது 'தொட்டி' ஒன்றுதான். அது வடக்கு இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சொல் என்று பிரிகேடியர் எண்ணினார். லண்டன் சீமான்களின் புதுச் சொல் என்று கேப்டன் எண்ணினார். தெரியாது என்று காட்டிக்கொள்ள இருவருக்குமே மனமில்லை.

"நல்ல சொல்" என்றார் பிரிகேடியர்.

"மிகவும் நல்ல சொல், சார்" என்றார் கேப்டன்.

தொட்டிகள் சரியாக வந்து சேர்ந்தன. அடுத்த திங்கட்கிழமை அணிவகுப்பில் புது இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்லிக்காட்ட கேப்டனே முன்னால் வந்து நின்றார். ஒரு காலை நன்றாகத் தூக்கிக்கொண்டு, லண்டன் சீமான் மாதிரி நீட்டி, "தாட்டி!" என்றார்.

"நோ சார். ஷார்ட்" என்றாள் ஆரோக்கியம்மாள்.

கேப்டன் காலைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி ஆரம்பித்தார்.