சீமாட்டியை அனுப்பிவைத்த வாரம்

கொல்லைக் கூண்டுக்குள் நாய் புகுந்து நான்கு கோழிகளைக் கொன்று போட்ட பிறகு எங்களிடம் மிஞ்சியவை இரண்டு. ஒருத்தி சீமாட்டி, கூண்டுக்கே அதிகாரி. இன்னொருத்தி ஜால்ரா. சீமாட்டி எந்தப் பக்கம் திரும்புகிறாளோ அந்தப் பக்கமே இவளும் திரும்புவாள். இரண்டும் முட்டையிடுவதை நிறுத்திவிட்டு மூலையில் முடங்கிக் கிடந்தன. எனக்கும் தையல் மிஷினில் உட்கார மனம் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் என் வீட்டுக்காரர் அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே மூன்று இளம் பெட்டைகள்.

"அண்ணி குடுத்து விட்டாங்க. அவங்ககிட்ட நிறைய இருக்காம்."

அண்ணி என்றால் என் ஓரகத்தி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவரோடு நான் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். நான் பார்த்துப் பார்த்துத் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு விருந்தில் அத்தனை பேர் நடுவில், "கை கொஞ்சம் பிடிக்குது" என்று சொல்லிவிட்டார். அங்கே என் வாடிக்கைக்காரிகளே ஏழு பேர் இருந்தார்கள்! எனக்குச் சுருக்கென்றது. அன்றோடு பேச்சு நின்றது. அவர் இரண்டு மூன்று தடவை பேச வந்தார், நான்தான் முகம் கொடுக்கவில்லை.

"உடனே ஒண்ணா விட வேணாம்னு சொன்னாங்க. கொஞ்ச நாள் தனியா வச்சு, சீக்கு இல்லன்னு பாத்துட்டு, அப்புறம் நடுவுல வலை கட்டி ஒண்ணை ஒண்ணு பாத்துப் பழக விடணுமாம்" என்றார் வீட்டுக்காரர்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேன்.

"என் கோழிய வளர்க்க எனக்குத் தெரியாதாக்கும்!" என்று பெட்டியை அப்படியே கூண்டுக்குள் கவிழ்த்தேன். வீம்பு, வேறென்ன.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கூண்டில் ஒரே அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால், மூன்றிலும் சின்னதின் முதுகில் ஏறி நின்று சீமாட்டி கொத்திக்கொண்டிருக்கிறாள். ஜால்ரா பக்கத்தில் நின்று தன் பங்குக்கு இறகு பிடுங்குகிறாள். மற்ற இரண்டும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தன. சின்னதின் முதுகில் இறகெல்லாம் போய் ரத்தம்.

தூக்கிவந்து தையல் மேஜைமேல் வைத்தேன். தலை தொங்கியது.

"இது செத்துப்போச்சுன்னா அவங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? அவங்களா இறங்கி வந்து குடுத்ததை நான் கொன்னுட்டேன்னு ஆயிடுமே!"

வீட்டுக்காரர் போனை எடுத்து அண்ணியைக் கூப்பிட்டார்.

ஒரு மணி நேரத்தில், வேலை உடையைக்கூட மாற்றாமல், பஸ் பிடித்து வந்து நின்றார் ஓரகத்தி. இன்றைக்குச் சரியான டோஸ் இருக்கிறது என்று நினைத்தேன். அவரோ, "வெதுவெதுன்னு கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றதோடு சரி. காயத்தைக் கழுவி ஊதா மருந்தைத் தடவினார்.

"ரத்தம் தெரிஞ்சா மறுபடி கொத்தும். இறகு முளைக்கிற வரைக்கும் முதுகை மூடி வைக்கணும்."

அது என் வேலை. டேப்பை எடுத்து அளந்தேன். மிச்சத் துணியில் ஒரு துண்டு வெட்டி, இறக்கை நுழைய இரண்டு பக்கமும் எலாஸ்டிக் வைத்துத் தைத்தேன். அவர் கோழியைப் பிடித்துக்கொள்ள, நான் மாட்டிவிட்டேன். தைக்கிற பழக்கத்தில் வாய் தானாகவே கேட்டுவிட்டது: "சரியா இருக்கா பாருங்கக்கா."

எலாஸ்டிக்குக்குள் விரல் விட்டுப் பார்த்தவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்: "கை கொஞ்சம் பிடிக்குது."

ஒரு நொடி நான் முறைத்தேன். அப்புறம் அடக்க முடியவில்லை, இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். என்னவோ ஏதோ என்று வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கிளம்பும்போது ஓரகத்தி சீமாட்டியைப் பிடித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டார்.

"இவ இருந்தா மத்ததுங்க நிம்மதியா இருக்க முடியாது. ஒரு வாரம் எங்க வீட்ல இருக்கட்டும். அதுக்குள்ள இங்க நாலும் சேந்துடும். திரும்பி வரும்போது இவதான் புதுசு, வாலாட்ட மாட்டா."

சொன்னபடியே நடந்தது. அதிகாரி இல்லாத ஜால்ரா இரண்டு நாள் வெறும் பந்தா காட்டிப் பார்த்தாள், மூன்றாம் நாள் புதுசுகளோடு ஒட்டிக்கொண்டு படுத்தாள். சின்னது சட்டை போட்டபடியே தீவனத் தட்டுக்கு முண்டியடித்தது. பிழைத்துவிட்டது! ஆறாம் நாள் ஜால்ரா ஒரு முட்டையிட்டாள். கையில் எடுத்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சீமாட்டியைக் கூட்டிவர நானே போனேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசல்படி ஏறுகிறேன். "வா வா" என்று நேராகக் கொல்லைக்கு அழைத்துப் போனார். இருபது கோழியாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவ்வளவு பெரிய கூண்டில் இருந்தது சீமாட்டியும், ஒரு கண் போன கிழட்டுப் பெட்டையும்தான்.

"மத்ததெல்லாம் எங்கக்கா?"

"இருந்ததே நாலுதான். மூணு உன் வீட்ல இருக்கு."

"நிறைய இருக்குன்னு சொல்லி விட்டீங்களே!"

"அப்படிச் சொல்லலன்னா நீ வாங்கியிருப்பியா?"

நான் கூண்டுப் பக்கம் திரும்பினேன். கூண்டுக்குள் அந்தக் கிழடு சீமாட்டியின்மேல் சாய்ந்து படுத்திருந்தது, அவளும் பேசாமல் இருந்தாள். அதற்கு இருந்த ஒரே துணையை எப்படிப் பிரித்துக்கொண்டு போவது?

"சீமாட்டி இங்கயே இருக்கட்டும்க்கா" என்றேன். "நீங்க செஞ்சதுக்கு நான் எப்படி நன்றி சொல்லுவேன்? அப்படி முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனவளுக்கு, இருந்ததையெல்லாம் தூக்கிக் குடுத்திருக்கீங்களே!"

"கோழி போனா வேற வாங்கிக்கலாம்" என்றார் ஓரகத்தி. "இந்தக் குடும்பத்துல வாய்விட்டுப் பேச எனக்கு நீ ஒருத்திதானே இருந்தே."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்று முழுக்க அங்கேயே இருந்தேன். இரண்டு வருஷத்துக் கதை பாக்கி இருந்தது.