இன்னும் 'கட்' சொல்லவில்லை

புயல் காட்சிக்காக வைத்திருந்த ராட்சத மின்விசிறியை நிறுத்திய பிறகும், அந்த நடிகர் மேல் மட்டும் காற்று அடித்துக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலைச் சுற்றியிருந்த திரை படபடத்தது. நர்ஸ் சாத்தியிருந்த ஜன்னலையே இன்னொரு தரம் சாத்திப் பார்த்தாள். பிறகு திரை நுனியில் ஒரு கிளிப்பைப் போட்டுவிட்டு அடுத்த நோயாளியிடம் போனாள். நடந்தது இதுதான். அந்தப் பட இயக்குநர் பயங்கரக் கறார்: அவர் 'கட்' சொல்லும்வரை செட்டில் ஓர் ஈ, காக்காய் அசையக் கூடாது. இடுப்பில் கட்டிய கம்பி அறுந்து மாடியிலிருந்து விழுந்த நடிகர் தரையில் கிடந்து முனகினார். அடடா, என்ன நடிப்பு என்று இயக்குநர் சொக்கிப்போய் நின்றார். மற்றவர்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். விஷயம் புரிந்ததும் எல்லோரும் அலறியடித்து ஓடினார்கள். அந்த அமளியில் 'கட்' சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அந்த வாரமே நடிகர் போய்ச் சேர்ந்தார். சாகிற வயதா அது!

காற்று மட்டும் வீடு தேடி வந்து, அவருடைய பிரம்பு நாற்காலியில் இடமிருந்து வலமாக அடித்தது. அவர் மனைவிக்கு முதலில் பயம், அப்புறம் கோபம், அப்புறம் அதுவே துணை. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். போன் அடிப்பது நின்றே போனது. சாயங்காலம் எதிரே உட்கார்ந்து, "இன்னிக்கும் குழாயில தண்ணி வரலங்க" என்பாள். காற்று பதிலா பேசும்? ஆனாலும் அந்த வீட்டில் அவளைத் தவிர அசைகிற இன்னொன்று அது மட்டும்தான்.

வருஷங்கள் ஓடின. காற்று விஷயம் காதுக்கு எட்டி, தலை முழுக்க நரைத்து, கைத்தடியோடு இயக்குநர் ஒருநாள் வந்து நின்றார்.

"எனக்குத் தூக்கமே இல்லம்மா. நான் சொல்லாம விட்டதாலதான் அவன் அந்த ஷாட்லயே மாட்டிக்கிட்டான். ஒரே ஒரு வார்த்தை. சொல்லிட்டா அவனும் போயிடுவான், நானும் நிம்மதியா கண்ண மூடுவேன்."

அவள் சட்டென்று நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அவரு வலியில துடிச்சப்ப சொல்லியிருக்கணும் சார். இப்ப வலியெல்லாம் போயிடுச்சு, காத்து மட்டும்தான் இருக்கு. ஷாட் ஓடிக்கிட்டிருக்கு. வாயத் திறக்காதீங்க."

தொழில் பழக்கம் லேசில் விடுமா? இயக்குநர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அப்படியே நின்றார். அவள் டீ போட்டுக் கொண்டுவந்து, "குடிச்சிட்டுப் போயிட்டு வாங்க" என்ற பிறகுதான் அசைந்தார். அவர் போனதும் துவைத்த துணிகளை எடுத்துவந்து, எப்போதும்போல நாற்காலிக்கு வலப்பக்கம் கட்டியிருந்த கொடியில் உதறிப் போட்டாள். அடைமழையிலும் அந்த வீட்டில் துணி சீக்கிரம் காய்ந்துவிடும்.