எரியாத ஆயில் லைட்டு

ஜெரால்டு வாயைத் திறந்தாலே விக்டோரியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். புருஷன் பீட்டருக்குக் கூடப் பிறந்த அண்ணன், மரியாதை கொடுக்காமல் இருக்க முடியாது. வாய்க்குத்தான் மாமா. மனசுக்குள் எப்போதும் அவன், இவன்தான்.

அவனுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சூப்பர்வைசர் வேலை. சைடில் பழைய காரை வாங்கி, பாலிஷ் போட்டு, பெற்ற பிள்ளையைப் புகழ்வதுபோல் புகழ்ந்து எவன் தலையிலாவது கட்டுகிற வேலை. ஊரான் தலையில் கட்டினால் போய்த் தொலையட்டும். சொந்தத் தம்பி தலையிலேயே ஒன்றைக் கட்டினான் மகராசன்.

எட்டுப் பேர் உட்காரும் டீசல் வண்டி அது. விற்ற அன்றைக்கு சாவியைப் போட்டு மீட்டர் போர்டைக் காட்டினான். "சாவி போட்டா ஆயில் லைட்டு எரியுதா? ஸ்டார்ட் பண்ணா அணையுதா? அவ்ளோதாம்மா எஞ்சினு. அது எரியாத வரைக்கும் நீ டில்லிக்கே போலாம்." பீட்டர் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினான். அண்ணன் சொன்னால் அவனுக்கு அது பைபிள்.

பீட்டருக்கு வள்ளூர் பவர் பிளாண்டில் காண்ட்ராக்ட் வேலை. ஒரு மாசம் இருக்கும், ஒரு மாசம் இருக்காது. வீட்டில் அடுப்பு எரிவது விக்டோரியா ஓட்டுகிற அந்த வண்டியால்தான். விடியற்காலையில் ஆரம்பாக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குக் கம்பெனி கேட்டில் விட வேண்டும். ரெண்டு நாள் வண்டி வரவில்லை என்றால் கம்பெனிக்காரன் வேறு வண்டி வைத்துக்கொள்வான். அதற்கு எத்தனையோ பேர் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

வாங்கிக் கொஞ்ச நாளிலேயே எஞ்சின் சூடானால் அடியில் கடகடவென்று சத்தம் வர ஆரம்பித்தது. ஜெரால்டிடம் சொன்னாள். அவன் சிரித்தான். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பொம்பள ஓட்டுனா வண்டி சத்தம் போடாம பாட்டா பாடும்? லைட்டு எரியுதா? இல்லல்ல? அப்பறம் இன்னா பேஜாரு?"

இந்த வாய்க்குப் பதில் சொல்வது வீண். அவள் நேரே பைபாஸ் ஓரம் பட்டறை வைத்திருக்கும் அன்புராஜிடம் வண்டியை விட்டாள். "சத்தத்தக் கேட்டு சொல்றதெல்லாம் ஜோசியங்க்கா. ஆயில் பிரஷர் மீட்டர் ஒண்ணு போட்டுடலாம். முள்ளே சொல்லிடும்," என்றான் அவன்.

எஞ்சினில் ஆயில் லைட்டுக்கென்று ஒரு சின்ன சுவிட்ச் திருகியிருக்கும். அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ரெண்டாகப் பிரியும் ஒரு டீ ஜாயிண்ட் போட்டான். ஒரு பக்கம் பழைய சுவிட்ச், இன்னொரு பக்கம் புது மீட்டருடைய சென்ஸார். மீட்டரை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உட்கார வைத்தான். எல்லாம் முடித்துப் பழைய சுவிட்சுக்கு ஒயரை மாட்டப் போனவன், ஒயரை இழுத்தான். அது கையோடு வந்துவிட்டது. ரெண்டு விரற்கடை தள்ளி ஒயர் வெட்டியிருந்தது, மேலே அழகாகக் கறுப்பு டேப்.

"இது எங்கயும் போவலக்கா," என்றான். பிறகு போர்டைக் கழற்றிப் பார்த்து உச்சுக் கொட்டினான். ஆயில் லைட்டின் ஒயரைப் பக்கத்தில் இருக்கும் பேட்டரி லைட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தது. சாவி போட்டால் ரெண்டும் சேர்ந்து எரியும், ஸ்டார்ட் ஆனால் ரெண்டும் சேர்ந்து அணையும். ஓடும்போது எஞ்சினில் சொட்டு ஆயில் இல்லாவிட்டாலும் அந்த லைட்டு எரியாது.

புது முள் உண்மையைச் சொன்னது. குளிர்ந்த எஞ்சினில் நடுவில் நின்றது. சூடேறச் சூடேறக் கீழே இறங்கியது. "பம்ப், பேரிங் எல்லாம் தேஞ்சி போச்சிக்கா. காலைல கம்பெனி வரைக்கும் மெதுவா போய் வா, கொஞ்ச நாளு தாங்கும். தூரம் போனீன்னா தாங்காது. முள்ளு அடில உக்காந்துச்சின்னா அப்படியே ஆஃப் பண்ணிடு, இல்லன்னா எஞ்சின் புடிச்சிக்கும், அப்பறம் அசையவே அசையாது. அந்த லைட்டு ஒயர சரி பண்ணிடட்டுமா?"

விக்டோரியா யோசித்தாள். "வாணாம். அது அப்படியே இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து பீட்டரிடம் சொன்னாள். அவன் முகம் சுருங்கியது. "முன்ன வெச்சினு இருந்தவன் எவனாவது பண்ணியிருப்பான். எங்கண்ணனுக்கு இன்னா தெரியும் பாவம்? லைட்ட நம்பிதான அவரும் சொன்னாரு." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் இவன் சோற்றைத்தான் பார்ப்பான். இந்த ஆளோடு எப்படிக் குடும்பம் நடத்துகிறோம் என்று அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெரால்டு வந்து நின்றான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கூடப் பட்டுப்புடவையில் பெண்டாட்டி ஏஞ்சலின், பூ, பழத்தட்டு. கடம்பத்தூரில் அவர்கள் மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டுமாம். வந்தது அவனுடைய புது காரில். அதை விக்டோரியா வீட்டு நிழலில் நிறுத்தி, துணி போட்டு மூடினான்.

"அந்த ஊருக்கு உள்ள ரோடு சரியில்லம்மா, என் வண்டி அடி வாங்கும். உன் வண்டிய எடு."

அவன் வண்டிக்கு அடி படக் கூடாது. இவள் வண்டி மட்டும் தெருவில் கிடந்ததா? "எஞ்சின் சரியில்ல மாமா. அம்மாந்தூரம் தாங்காது," என்றாள்.

அவன் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து புது மீட்டரை விரலால் தட்டினான். "இது இன்னா, கழுதைக்கு கண்ணாடியா? மீட்டர் மாட்டிட்டா நீ மெக்கானிக்காயிடுவியா? டேய் பீட்டரு, உம் பொண்டாட்டிக்கு புத்தி சொல்ல மாட்டியா நீ?" பீட்டர் பின்னால் ஏறிக்கொண்டு சன்னலைப் பார்த்தான். விக்டோரியா பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

கும்மிடிப்பூண்டி தாண்டும் வரை முள் நடுவில் நின்றது. வழியெல்லாம் ஜெரால்டு தன் மகளுக்குப் போடப்போகும் நகையைப் பற்றியும், மாப்பிள்ளை வீட்டார் தன்னைப் போல ஒரு சம்பந்தி கிடைக்கக் கொடுத்து வைத்ததைப் பற்றியும் பேசினான். ஹைவேயை விட்டுத் திரும்பியபோது முள் கால்வாசிக்கு வந்திருந்தது. பெரியபாளையம் தாண்டியதும் கடகட சத்தம் அவன் பேச்சையும் மீறிக் கேட்டது. முள் அடியில் போய் உட்கார்ந்தது.

விக்டோரியா ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினாள்.

"இன்னாத்துக்கு நிறுத்தின?"

"ஆயில் பிரஷர் இல்ல மாமா."

"எவன் சொன்னான்? இந்த பொம்ம மீட்டரா? லைட்டு எரிஞ்சிதா? மாப்ள ஊட்ல எல்லாரும் காத்துகினு கீறாங்க. எடு வண்டிய."

அவள் இறங்கினாள். சுற்றி வந்து அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். "லைட்டு எரியலதான் மாமா. நீங்களே ஓட்டுங்க."

பெண்டாட்டி பார்க்கிறாள், தம்பி பார்க்கிறான். ஜெரால்டு விறைப்பாக இறங்கிப் போய் ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தான். சாவியைத் திருப்பினான். போர்டில் சிவப்பு லைட்டு ரெண்டும் சேர்ந்து எரிந்தன. அவன் கை அங்கேயே நின்றது. இன்னும் ஒரு திருப்புத் திருப்ப வேண்டும், திருப்பவில்லை. முள்ளைப் பார்த்தான், லைட்டைப் பார்த்தான். சட்டைக் கழுத்தில் வியர்வை ஊறியது.

"இன்னாங்க, எடுங்களேன். டைம் ஆவுது," என்றாள் ஏஞ்சலின்.

அவன் எடுக்கவில்லை.

பின் சீட்டிலிருந்து பீட்டர் அண்ணனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறந்ததிலிருந்து அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன். அவன் மெதுவாக, சண்டைக்குப் போகாத குரலில் சொன்னான். "ஓட்டுண்ணா. லைட்டுதான் எரியலயே."

"எடுத்தா எஞ்சின் புடிச்சிக்கும்டா," என்றான் ஜெரால்டு.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. தம்பியின் பக்கம் திரும்பவே இல்லை. பீட்டர் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, விக்டோரியாவின் பக்கத்தில் வந்து நின்றான்.

கட்டின நாளாய் அவன் அப்படி அவள் பக்கம் வந்து நின்றதில்லை. ஆனால் விக்டோரியாவுக்கு அதை நினைத்துக்கொண்டு நிற்க நேரமில்லை, நாளைக்கு விடிந்தால் ஷிஃப்டு. அவள் ஜெரால்டின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினாள்.

"எங்கூட்டாண்ட நிக்கிற உங்க வண்டி சாவிய குடுங்க மாமா. இந்த எஞ்சின நீங்க இறக்கிக் கட்டிக் குடுக்கற வரைக்கும் அதுலதான் பொம்பளைங்கள ஏத்திகினு போவேன்."

ஜெரால்டு பெண்டாட்டியைப் பார்த்தான். ஏஞ்சலின் மடியிலிருந்த பழத்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, கண்ணைத் தூக்காமல் நீட்டினான்.

விக்டோரியா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு, ரொம்ப மரியாதையாக, ஒன்று கேட்டாள்.

"அதுல ஆயில் லைட்டு ஒழுங்கா எரியுமா மாமா?"