டீச்சர் வீட்டு மணி பிளான்ட்

வானம் ஒழுங்காகப் பெய்து, கரண்ட்டும் ஒழுங்காக வந்தால் ஊருக்கு நல்லது, செல்லமுத்துவுக்கு ஆகாது. கள்ளக்குறிச்சியில் அவர் வைத்திருந்தது மோட்டார் காயில் கட்டும் கடை. எவருடைய கொல்லையிலாவது தண்ணீர் மோட்டார் புகைந்தால்தான் அவர் வீட்டு அடுப்பு புகையும். அந்த வருஷம் மழையும் வோல்டேஜும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி சீராக இருந்தன. செல்லமுத்து கடையில் உட்கார்ந்து பேப்பரில் மணமகன் தேவை விளம்பரம் வரைக்கும் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அவருடைய ஒரே மகளுக்குப் போன வருஷமே கல்யாணம் முடிந்திருந்தது.

அவர் மனைவி ஆண்டாள் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். பிறந்த ஊர் நைனார்பாளையம். அடுத்தவர் பொருளில் துரும்பைத் தொட மாட்டாள் என்று தெருவே சொல்லும். சொல்லாதவர்களுக்கு அவளே சொல்லுவாள். மதில் சுவருக்கு வெளியே தலை நீட்டும் அவள் வீட்டுச் செம்பருத்தியில் யாராவது கை வைத்தால் தொலைந்தார்கள். பூசைக்குத்தானே பறிக்கிறோம் என்றால், சாமி திருடியாந்து வையுன்னு கேட்டாரா என்பாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் எதிர்வீட்டு லட்சுமியம்மாள் வந்து யோசனை சொன்னாள். கடை தூங்குகிறதென்றால் வீட்டில் ஒரு மணி பிளான்ட் வைக்க வேண்டும். அதைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது. கடையில் வாங்கினால் கடைக்காரனுக்குத்தான் யோகம். கேட்டும் வாங்கக் கூடாது. திருடித்தான் வைக்க வேண்டும். செடிக்காரிக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் பலிக்காது. இந்தச் சட்டமெல்லாம் யார் போட்டது என்று ஆண்டாள் கேட்டாள். பலித்தவர்கள் போட்டது என்றாள் லட்சுமியம்மாள்.

சீச்சீ என்று சொல்லி அனுப்பிவிட்டாள் ஆண்டாள். ஆனால் செல்லமுத்து ராசிபலன் பக்கத்தையும் மனப்பாடம் செய்யத் தொடங்கிய பிறகு அவள் மனசு மெல்ல இளகியது. நல்லவர்கள் திருடக் கிளம்பினால் ஒரு வசதி உண்டு, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

பக்கத்து வீட்டு தேவிப்ரியா வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் மலை பஸ் ஏறினால் திரும்பி வர விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிடும். அவள் வீட்டு முன்பக்கம், சன்ஷேடு கொக்கியில் மணி பிளான்ட் தொங்கியது. ஒரு செடியை யாராவது இவ்வளவு உயரத்தில் மாட்டுவார்களா என்று ஆண்டாளுக்கு எரிச்சலாக வந்தது. டீச்சருக்குத் திருட்டுப் பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பட்டப்பகலில் தன் வீட்டு ஸ்டூலையே தூக்கிக்கொண்டு போய், ஏறி, கைக்குக் கிடைத்த கத்திரிக்கோலால் ஒரு கொடியை வெட்டிக்கொண்டு வந்தாள். கைக்குக் கிடைத்தது, துணி ஓரம் பிசிறாமல் இருக்கப் பல்லுப் பல்லாக வெட்டுகிற ஜிக்ஜாக் கத்திரி.

பார்த்த ஒரே சாட்சி டீச்சரின் பூனை. வெள்ளிமலையில் யாரோ வீட்டுச் சாமை மூட்டைக்குள் குட்டியாகக் கிடைத்ததால் அதற்குப் பேரும் சாமை. அது மதில் மேல் உட்கார்ந்து முழுத் திருட்டையும் பார்த்துவிட்டு, காலை நக்கிக்கொண்டது.

திருட்டுச் சொத்தை வாசலில் வைக்க முடியுமா? ஆண்டாள் அதை ஊறுகாய் ஜாடியில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, பின்னறையில் நெல் மூட்டைகளுக்கு நடுவே தரையில் வைத்தாள். அந்த அறையில் எலி உண்டு. எலி உண்டென்பதால் சாமையும் தினம் வரும். பூனைத் தொல்லை ஜாஸ்தி என்று தெருவில் குறைபட்டுக்கொள்கிற ஆண்டாள், ஜன்னலில் அது குரல் கொடுத்ததும் கருவாட்டுத் தலை எடுத்து வைப்பாள். அது தின்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றால் அவளுக்கு மனசு லேசாகும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கொடி வேர் விட்டது. கடை விழிக்கவில்லை. ஆனால் டீச்சர் அடிக்கடி வர ஆரம்பித்தாள். சாயந்தரம் பஸ் விட்டு இறங்கியதும் வாசலில் வந்து நிற்பாள். என்னவோ சொல்ல வாயெடுப்பாள். பிறகு, ரெண்டு கொத்து கறிவேப்பிலை கிடைக்குமா அக்கா என்பாள். ஆண்டாளுக்கு வியர்த்துவிடும். கேட்டதற்கு மேலேயே ஒடித்துக் கொடுத்து அனுப்புவாள். ஒண்டிக்கட்டை டீச்சர், கல்யாண வீட்டுச் சமையலுக்கு ஆகும் கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு போனாள்.

ஒரு நாள் முற்பகலில் சாமை நடுத்தெருவில் வந்து விழுந்தது. வாயெல்லாம் எச்சில் ஒழுகி நுரை கட்டியிருந்தது. தலையை உதறுகிறது, முன்னங்காலால் வாயைப் பிறாண்டுகிறது, குமட்டுகிறது, மறுபடி தலையை உதறுகிறது. தெரு வாசலுக்கு வந்தது. தனசேகரனும் வந்தார். தியாகதுருகத்துப் பக்கம் நிலபுலன் உள்ளவர், தெருவில் எது நடந்தாலும் முடிவு சொல்வது அவர்தான். யாரும் கேட்டதில்லை, அவரும் அதற்காகக் காத்திருந்ததில்லை.

“வெறி புடிச்சிக்கினு கீது. யாரும் கிட்ட போவாதீங்க” என்றார்.

பூனையைத் தொலைக்க அந்தத் தெருவுக்கு ஒரு முறை உண்டு. வழி தெரியாமல் சாக்கில் கட்டி, கோமுகி ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோய் விட வேண்டும். ஆற்றைத் தாண்டின பூனை திரும்பாது. ஆனால் வெறி பிடித்ததை அக்கரையில் விட்டால் அங்கே இருப்பவர்களைக் கடிக்கும், அதனால் சாக்கோடு ஆற்றிலேயே போட்டுவிடுவது என்று தனசேகரன் தீர்ப்புச் சொன்னார். வேறு வருஷமாக இருந்தால் ஆற்றில் தண்ணீர் இருந்திருக்காது. அந்த வருஷம்தான் மழை நன்றாகப் பெய்திருந்ததே.

ஆண்டாள் பின்னறைக்கு ஓடிப் பார்த்தாள். ஜாடி கவிழ்ந்து கிடந்தது. மணி பிளான்ட் இலைகளில் பாதியைக் காணோம், மீதியில் பல் பதிந்திருந்தது. அவளுக்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் டீச்சருக்குப் போன் போட்டாள். மலையில் டவர் கிடைத்தால்தானே.

வாசலுக்கு வந்து, உண்மையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தாள். பல்லியைத் தின்றிருக்கும் என்றாள். பல்லி அதற்கு தினப்படி டிபன் என்றார் தனசேகரன். அப்படியானால் உங்கள் வீட்டு அரளியைக் கடித்திருக்கும் என்றாள். அரளியைத் தின்றிருந்தால் இந்நேரம் சாக்குக்கே வேலை இருந்திருக்காது என்றார். லட்சுமியம்மாள் வீட்டுக் கற்றாழையாக இருக்கலாம் என்றாள். அது திருஷ்டிக்காக நிலைவாசல் உச்சியில் தலைகீழாகத் தொங்குகிறது, பூனை என்ன பறந்தா போய்த் தின்னும் என்று லட்சுமியம்மாள் சண்டைக்கு வந்தாள். பார்க்கப்போனால் அந்தத் தெருவில் சாமிக்கு ஒன்று, திருஷ்டிக்கு ஒன்று, யோகத்துக்கு ஒன்று என்று வீட்டுக்கு வீடு விஷம் வளர்ந்துகொண்டிருந்தது. அத்தனையும் மங்களகரமான செடிகள்.

இதற்குள் ஆட்டோக்கார சுபாஷ் சாக்கைப் போட்டு அமுக்கிவிட்டான். சாக்குக்குள்ளிருந்து பூனை கத்தியது. தினம் ஜன்னலில் கேட்கிற அதே குரல், ஆனால் கம்மிப் போயிருந்தது.

சொன்னால் கடைக்கு வரவேண்டிய யோகம் போகும். அது போனால் போகட்டும். இத்தனை வருஷமாகக் காப்பாற்றிய பேர் தெரு நடுவில் போகும். இருந்தாலும் ஆண்டாள் சொன்னாள்.

“அதுக்கு வெறியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மணி பிளான்ட்ட துன்னுட்டுக்கீது. நான் டீச்சர் வூட்ல திருடியாந்து வெச்சிக்கினு இருந்தேன்.”

முதலில் லட்சுமியம்மாள்தான் தலையில் அடித்துக்கொண்டாள். “போச்சு. வாயத் தொறந்து சொல்லிட்டியே. இனிமே எங்க பலிக்கப் போவுது?”

தனசேகரன் ஆதாரம் கேட்டார். ஆண்டாள் ஜாடியை எடுத்து வந்தாள். அவர் கடிபட்ட இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“நீயா, ஆண்டாளு?”

“நான்தாங்க.”

அவமானத்தில் அவளுக்கு அங்கேயே பூமி பிளந்தால் தேவலை போலிருந்தது. அது பிளக்கவில்லை. அதற்குள் கூட்டம் பூனையை மறந்து, செடிக்காரிக்கு மற்றவர்கள் மூலம் தெரிந்தாலும் பலன் போகுமா, அவள் காதால் கேட்டால்தான் போகுமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. ஆண்டாள் சாக்கைச் சுபாஷிடமிருந்து பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, அவன் ஆட்டோவிலேயே ஏறி உட்கார்ந்து, மாட்டாஸ்பத்திரிக்கு விடச் சொன்னாள்.

டாக்டர் பூனையின் வாயைத் திறந்து பார்த்து, தண்ணீர் விட்டுக் கழுவி, ஓர் ஊசி போட்டார். வேகாத கருணைக்கிழங்கைத் தின்றால் நமக்கு எப்படி நாக்கும் தொண்டையும் பிடுங்குமோ அப்படித்தான் அதற்கும். கொஞ்சமாகத் தின்றதால் உயிருக்கு மோசமில்லை, நாளைக்குச் சோறு கேட்கும் என்றார். தின்றது லில்லிப் பூவாக இருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார். இந்தச் செடி இதற்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். சுபாஷ் முதலிலிருந்து விவரமாகச் சொன்னான். டாக்டர் ஜன்னலோரம் தொங்கிய தன் மணி பிளான்ட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

சாயந்தரம் டீச்சர் பஸ் விட்டு இறங்கி வரும்போது, ஆண்டாள் பூனையை மடியில் போட்டுக்கொண்டு அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். தெரு சொல்வதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று இருந்தவள், எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் பூனையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியது. திட்டட்டும் என்று ஆண்டாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“எனக்குத் தெரியும்க்கா” என்றாள் டீச்சர்.

ஆண்டாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அன்னிக்கே தெரியும். கொடிய வெட்டின எடத்துல பல்லுப் பல்லா இருந்திச்சி. இந்தத் தெருவுல ஜிக்ஜாக் கத்திரி வேற யாருகிட்டக்கா இருக்குது?”

“அப்ப ஏன் டீச்சர் கேக்கல?”

“கேட்டா பலிக்காதுன்னு சொல்றாங்க இல்ல. அண்ணன் கடை டல்லா போய்க்கினு இருக்குதுன்னு தெரியும். அதான் தெரியாத மாதிரியே இருந்துட்டேன்.” டீச்சர் பூனையின் காதைத் தடவினாள். “ஆனா பூனையத் தேடிக்கினு வந்தப்ப, நீங்க தரையில வெச்சிருந்தத ஜன்னல் வழியா பாத்தேன். பூனைக்கு ஆவாது, ஒசரத்துல மாட்டுங்கன்னு சொல்லணும்னு தெனம் உங்க வாசலுக்கு வந்தேன். சொன்னா எனக்குத் தெரிஞ்சிபோச்சின்னு ஆயிடும். கறிவேப்பிலைய வாங்கிக்கினு திரும்பிடுவேன்.”

திட்டியிருந்தால் ஆண்டாள் தாங்கியிருப்பாள், தன் கடைக்காக ஒருத்தி பூனையைப் பணயம் வைத்துப் பேசாமல் இருந்திருக்கிறாள் என்பதைத் தாங்க முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். டீச்சர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே, சமையலறையில் காய்ந்துபோய்க் கிடந்த கறிவேப்பிலையில் ஒரு பையையும் கொடுத்து, பொடி செய்துகொள்ளச் சொன்னாள்.

செடியைத் திருப்பிக் கொடுத்தபோது டீச்சர் வாங்கவில்லை. ஒளிக்க இனி ஒன்றுமில்லாததால் ஆண்டாள் அதைத் தன் வீட்டு முன்பக்கம், பூனைக்கு எட்டாத உயரத்தில் மாட்டினாள். அது இலை விட்டுத் தழைத்தது. கோடை வந்ததும் வோல்டேஜ் ஏறி இறங்கத் தொடங்கியது. தியாகதுருகத்தில் தனசேகரனின் மோட்டாரும் புகைந்தது. அதைத் தூக்கிக்கொண்டு செல்லமுத்துவின் கடைக்கு வந்தவர், அங்கே தனக்கு முன்னால் வரிசையில் கிடந்த மோட்டார்களைப் பார்த்தார். டீச்சருக்கு முதல் நாளே தெரியும் என்ற செய்தி அதற்குள் தெருவெல்லாம் சுற்றி வந்திருந்தது. செடிக்காரிக்கு முதல் நாளே தெரிந்தும் பலித்திருக்கிறது என்றால் அது லேசுப்பட்ட செடி இல்லை என்று அவருக்குப் பட்டது. தன் மோட்டார் எரிந்ததும் அந்தப் பலனில் சேர்த்திதான் என்பது அவருக்குப் படவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலை ஆண்டாள் வாசல் தெளிக்க வந்தபோது மணி பிளான்ட்டில் ஒரு கொடி குறைந்திருந்தது. கதிர் அறுக்கிற அரிவாளால் இழுத்து அறுத்த தழும்பு. அந்தத் தெருவில் அரிவாள் இருக்கிற வீடு ஒன்றுதான். கொஞ்ச தூரத்தில் மதில் மேல் சாமை உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது.

ஆண்டாளுக்கு வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள். ஆனால் விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரு நடுவில் வந்து நின்று, யார் வீட்டையும் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்.

“மணி பிளான்ட்டு வெச்சிருக்கறவங்க யாரா இருந்தாலும் ஒசரத்துல மாட்டுங்க. பூனை திரிஞ்சிக்கினு கீது.”

சொல்லிவிட்டு வாசல் தெளித்தாள். கோலம் போட்டு முடிக்கிறதற்குள் தனசேகரன் வீட்டில் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது.