பக்கிரிசாமியின் கையெழுத்து

பக்கிரிசாமி எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட மாட்டார். அந்த அடுக்குமாடியில் பதின்மூன்று மாடிக்கும் இது தெரியும். அவர் பேருக்குப் பார்சல் வந்தால் எதிர்வீட்டு நூர் பீவிதான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பார். வயதானவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவிக்குக்கூட அவர் விண்ணப்பப் பாரம் எழுதவில்லை. தாளை நீட்டுகிறவன் முகத்தைப் பார்ப்பார், தாளைப் பார்ப்பார், கதவைச் சாத்திவிடுவார்.

காரணம் இருந்தது. இருபது வருஷத்துக்கும் முன்னால் குவீன் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தார். பட்டர்வொர்த் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற வேலை. ஒருநாள் வீட்டுக்காரனின் ஆள் வந்தான். வாடகை ரசீது விஷயம், ஒரு கையெழுத்துப் போதும் என்றான். பக்கிரிசாமி தமிழில் தன் பேரை எழுதினார். படித்தது மூன்றாம் வகுப்பு, வேறு எழுத்துத் தெரியாது. அவன் சிரித்துவிட்டு, இதெல்லாம் செல்லாது, விரலை வை என்றான். வைத்தார். வீட்டைக் காலி செய்ய ஒப்புக்கொண்ட தாள் அது. மூன்றாம் மாதம் சாமான்கள் ரோட்டில் கிடந்தன. அவர் மனைவி நல்லம்மாள் சோறு வடித்த பானையை மடியில் வைத்துக்கொண்டு ஐந்தடியில், அதுதான் கடைவாசல் நடைபாதையில், சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். அவள் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. பானை இன்னும் இருக்கிறது.

அதனால் துளசி முதல் தடவை தேர்தலில் நின்று ஓட்டுக் கேட்டு வந்தபோது அவர் அவளை உட்காரச் சொல்லவில்லை. தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்த பொம்பளை. அந்தத் தொகுதி தேறாது என்று கட்சியில் யாரும் நிற்காததால் அவளை நிறுத்தினார்கள். முந்நூற்றுச் சொச்சம் ஓட்டில் ஜெயித்துவிட்டாள். சட்டமன்ற உறுப்பினர் ஆனவுடன் எல்லோரும் மரியாதையாக அவளை ஒய்.பி. என்றார்கள். பக்கிரிசாமி அடுத்த திங்கட்கிழமையே அவளுடைய சேவை மையத்துக்குப் போய், லிஃப்ட் வேலை செய்யவில்லை என்றார். அவள் விவரம் கேட்டுப் பேனாவை எடுத்தாள்.

"எழுதாத. மேல ஏறி வந்து பாரு. ஒம்போதாவது மாடி" என்றார்.

ஏறினாள். ஆறாவது மாடியில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள். அவர் தன் வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டார். அடுத்த திங்களும் லிஃப்ட் ஓடவில்லை. அவள் வந்தாள், ஏறினாள், இன்னொரு கோடு. காய்ச்சலோடு ஒரு தடவை ஏறினாள். தீபாவளிக்கு முதல் நாள் ஒரு தடவை. லிஃப்ட் ஓடத் தொடங்கிய அன்றைக்குச் சுவரில் நாற்பத்திரண்டு கோடு இருந்தது. நன்றி என்று அவர் சொல்லவில்லை. எத்தனை நாளைக்கோ என்று மட்டும் சொன்னார்.

ஆனால் அடுக்குமாடிக்குச் சாயம் அடிக்க ஆட்கள் வந்தபோது அந்தச் சுவரை மறைத்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர்கள் சுற்றிலும் அடித்துவிட்டுப் போனார்கள். கோடுகள் இப்போதும் அங்கேதான் இருக்கின்றன.

இரண்டாம் தவணையில் அவள் சட்டமன்றத்தில் எழுந்து, பழைய அடுக்குமாடிகளின் லிஃப்ட் பற்றி மூன்று கூட்டத்தில் மூன்று தடவை கேட்டாள். சொந்தக் கட்சிக்காரர்களே முகத்தைச் சுளித்தார்களாம். செய்தியை நூர் பீவி போனில் காட்டினார். பக்கிரிசாமி பார்த்துவிட்டு, குரல் இன்னும் பத்தவில்லை என்றார். அன்றைக்கு மட்டும் நான்கு பேரிடம் அதே செய்தியைக் காட்டச் சொன்னார்.

மூன்றாம் தடவைக்கு அந்தத் தொகுதி தனக்குத்தான் என்று கட்சிக் கிளைத் தலைவர் பழனியப்பன் நம்பியிருந்தார். மேலிடம் மறுபடியும் துளசி பேரைச் சொன்னது. பழனியப்பன் தலையாட்டிவிட்டுப் போனார். போன இரண்டு தடவையும் அவளை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவர் அவர். இந்தத் தடவையும் நான்தான், மனுத்தாக்கல் மண்டபத்திலேயே போட்டுக்கொள்ளலாம் என்று சிரித்தபடி சொல்லியிருந்தார்.

மனுத்தாக்கல் அன்று காலை பக்கிரிசாமி ஏழு மணிக்கே கிளம்பினார். எங்கே என்று நூர் பீவி கேட்டதற்குப் பல்வலி, மருந்து வாங்க என்றார். வாயில் இருந்தது நான்கு பல். நேரே பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போய், போலீஸ்காரர்கள் போட்டிருந்த இரும்புத் தடுப்பில் சாய்ந்துகொண்டார். ரோட்டை அடைத்திருந்தார்கள். கொடியும் மேளமுமாகக் கூட்டம். கட்சிச் சட்டை கொடுத்தார்கள். வேண்டாம் என்றார்.

ஒன்பது மணிக்குக் கதவு திறந்தது. பத்து மணிக்கு மூடிவிடுவார்கள். ஒன்பதே காலுக்குத் துளசியின் உதவியாளர் ஷர்மினி போனைக் காதில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் ஓடினாள். பழனியப்பன் வரவில்லை. போன் அடித்து அடித்து நின்றது. ஒன்பது இருபதுக்கு அவரைப் பார்த்துவிட்டார்கள். திடலுக்கு அந்தப் பக்கம், சுயேச்சையாக நிற்க வந்தவனுக்குப் பக்கத்தில், மாலையோடு நின்றார். தன் கிளை ஆட்களையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தார்.

முன்மொழிகிறவர் அந்தத் தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும். வழிமொழிய நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர் இப்ராஹிம் வந்து தயாராக நின்றார். இன்னொரு ஆள்தான் வேண்டும். ஷர்மினி கூட்டத்துக்குள் புகுந்து, யாருக்கு இங்கே ஓட்டு என்று கேட்டாள். ஒருவன் பட்டர்வொர்த் என்றான். நான்கு பேர் சிம்பாங் அம்பாட். மேளம் அடிக்கிறவர்கள் கெடாவிலிருந்து வந்தவர்கள். மூன்று பஸ் நிறைய ஆள், ஒரு ஓட்டு இல்லை. ஷர்மினி அழுகிற நிலையில் இருந்தாள்.

இப்ராஹிம்தான் தடுப்பில் சாய்ந்திருந்தவரைக் கண்டார்.

"பக்கிரி அண்ணே, ஒங்களுக்கு இங்கதானே வோட்டு?"

"இங்கதான். போன வாரம்கூடப் போயி லிஸ்டுல பாத்தேன். இவனுங்க பேரை எடுத்தாலும் எடுத்துருவானுங்க."

இப்ராஹிம் தடுப்பைத் தூக்கி அவரை உள்ளே இழுத்தார். விஷயத்தைச் சொன்னார். பக்கிரிசாமி நின்றுவிட்டார்.

"நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஒனக்குத் தெரியும்."

"தெரியும்ண்ணே. இன்னும் அரை மணிதான் இருக்குலா."

துளசி மரத்தடியில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் கட்சிச் செயலாளர் கோகுலன் ஃபைலை நெஞ்சோடு அணைத்திருந்தான். யாரை அழைத்து வருகிறார்கள் என்று பார்த்ததும், இந்தக் கிழவரா, பத்து வருஷமா நம்மைத் திட்டுகிறவர் என்றான். துளசி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னாள். கோகுலன் தாளை நீட்டி, விரலால் ஓர் இடத்தைத் தொட்டான்.

"இங்க. சீக்கிரம் போடுங்க."

பக்கிரிசாமி அந்த விரலைப் பார்த்தார். இருபது வருஷத்துக்கு முந்தைய விரலும் இப்படித்தான் இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்ன எழுதியிருக்கு?"

"பேரு முன்மொழியறது. அவ்வளவுதான். டைம் இல்ல அங்கிள்."

"அவ்வளவுதான்னுதான் அன்னைக்கும் சொன்னான்."

கோகுலன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். துளசி அவன் கையிலிருந்து தாளை வாங்கி, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நல்ல பட்டுப்புடவை. மண் ஒட்டுவதை அவள் பார்க்கவில்லை.

"நான் படிக்கிறேன் ஐயா. கேட்டுட்டுச் சொல்லுங்க. வேணாம்னா வேணாம்."

மேலிருந்து படித்தாள். ஒரு வரி மலாயில், அதையே தமிழில். தொகுதியின் பேர், அவள் பேர், அவள் அடையாள அட்டை எண். கோகுலன் மணியைப் பார்த்தபடி நின்றான். அவள் அவசரப்படவில்லை. பொடி எழுத்தில் அடியில் இருந்ததையும் விடவில்லை. பக்கிரிசாமி நடுவில் ஒரு வார்த்தைக்கு நிறுத்தச் சொன்னார். மறுபடி படித்தாள். ஒன்பது நாற்பத்தொன்று.

"இதுல என் வீடு எங்கயாச்சும் வருதா?"

"இல்ல ஐயா. ஒங்க பேரும் ஐ.சி. நம்பரும்தான்."

"நீ தப்புப் பண்ணா என்னைப் புடிப்பானா?"

"இந்தத் தாளை வச்சு முடியாது. ஆனா ஊருல ஒங்களைத்தான் கேப்பாங்க. நீங்கதானே கொண்டாந்தீங்கன்னு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். படிக்கட்டு ஏறி மூச்சு வாங்க நின்ற அந்த முதல் திங்கட்கிழமையில் கண்ட அதே முகம். அன்றைக்கும் இவள் லிஃப்ட் நாளைக்கே சரியாகும் என்று சொல்லவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொன்னாள்.

"பேனாவைக் குடு" என்றார்.

எழுதினார். ஆறு எழுத்து. ஒவ்வொன்றையும் முழுசாக. 'சா' கொஞ்சம் சாய்ந்துவிட்டது. துளசியும் இப்ராஹிமும் அவரை மண்டபத்துக்குள் அழைத்துப் போனார்கள்.

மண்டபத்துக்குள் மேசையில் இருந்த அதிகாரி ஸுல்கிஃப்லி தாளை வாங்கிப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்துக் கொஞ்சம் நிறுத்தினார். பக்கிரிசாமி தன் வலது கட்டைவிரலை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார். விரலை வை என்று சொன்னால் எழுந்து போய்விடுவது என்று இருந்தார். அதிகாரி அடையாள அட்டையை வாங்கி, வாக்காளர் பட்டியலில் விரலை ஓட்டி, ஓர் இடத்தில் நிறுத்தினார். இது உங்கள் கையெழுத்தா என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றார் பக்கிரிசாமி. முத்திரை விழுந்தது. ஒன்பது ஐம்பத்திரண்டு.

பத்து மணிக்குக் கதவு மூடியது. வேட்பாளர் பேர்களை அறிவித்தபோது துளசியின் பேருக்கு மூன்று பஸ் ஆட்களும் கத்தினார்கள். மேளம் கிளம்பியது. ஷர்மினி வந்து, அங்கிள், சாப்பிட வாங்க என்றாள். அவர் போகவில்லை. மனுக்களின் நகலை வெளியே பலகையில் ஒட்டியிருந்தார்கள். அதன் முன்னால் போய் நின்றுகொண்டார். யாராவது கிழித்துவிட்டால்?

துளசி ஊர்வலத்தை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தாள். ஏதோ சொல்ல நினைத்தாள் போல. அவர் அவளுக்கு இடம் கொடுக்கவில்லை. மாடிப்படி விளக்கு நான்காவது மாடியில் இரண்டு வாரமாக எரியவில்லை என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள்.

வெயில் ஏறிவிட்டது. திடல் காலியானது. அப்போது பழனியப்பன் வந்தார், மாலை இல்லாமல். பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அந்த ஆறு எழுத்தில் கண் நின்றது.

"என்னா பக்கிரி, நீ கையெழுத்தே போடமாட்டேன்னுவியே."

"படிச்சுக் காட்டுனா போடுவேன்" என்றார் பக்கிரிசாமி. "கொஞ்சம் தள்ளி நில்லு. நெழல் விழுது, பேரு தெரியல."