சட்டைப் பையில் நான்கு ஸ்பிரிங்

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழ்வீட்டுக்காரரிடமிருந்து எடுத்தது. அவரைக் கேட்காமல் எடுத்தது. கேட்டுவிடலாம் என்று இரண்டு முறை படியிறங்கிப் போனேன். இரண்டு முறையும் தண்ணீர் வருகிறதா, மோட்டார் போடவேண்டுமா என்று பேசிவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஒரு நல்ல காரியத்தைப் பற்றி எழுதுவதாகத்தான் எண்ணம். சின்னச் சின்ன உதவிகளால்தான் இந்த உலகம் விழாமல் நிற்கிறது என்று நம்புகிறவன் நான். காலையில் கண்மூடி நிற்கும்போது கடவுளிடம் கேட்பதும் அதுதான்: இன்றைக்கு யாருக்காவது கொஞ்சம் பயன்படவேண்டும். அப்படி ஓர் உதவியை ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணால் பார்த்தேன். பார்த்ததை எழுதினால் போதும் என்று உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிறது. இப்போது அதற்கு உதவி என்று பெயர் வைக்கலாமா என்பதே தெரியவில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "வெயில் ஏறுவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளின் வயிற்றைத் திறந்துவிட்டார்கள்."

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பொய். கீழ்வீட்டுக்காரரின் மச்சினன் வண்டியைப் பிரிக்க வந்து சேரும்போதே மணி பத்தரை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "கீழ்வீட்டுக்காரர் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தார். மருத்துவமனைகளில் எடுக்கிற ரத்தக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கி, வண்டியின் முன்னால் கட்டி, கெட்டுப்போவதற்குள் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை. வண்டி ஓட்ட முடியாதவருக்கு அங்கே —"

இது உண்மைதான். முடிக்கத்தான் மனம் வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

நேராகச் சொல்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் காய்ச்சலில் படுத்து எழுந்தவருக்கு இடது கையில் பலம் குறைந்துவிட்டது. நரம்புக் கோளாறு, தேறலாம், தேறாமலும் போகலாம் என்றார் டாக்டர். ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து தினமும் இருநூறு தடவை அழுத்தச் சொன்னார். அவரும் அழுத்தினார். ஆனால் கையைப் பற்றி வீட்டில் யாரும் பேசக்கூடாது. பேசினால் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்துவிடுவார். வண்டி வெறுமனே கத்துகிறது, இழுக்கவில்லை என்று ஆனபோது, கிளட்ச் போய்விட்டது, லீவர் கல் மாதிரி இருக்கிறது, கையில் ஒன்றுமில்லை என்றார்.

(கிளட்ச் பற்றி எனக்கும் அன்றுதான் தெரியும். எஞ்சினுக்குள் வளையல் மாதிரி சில பிளேட்டுகள். நான்கு ஸ்பிரிங் அவற்றை நெருக்கிப் பிடித்திருக்கும்வரை எஞ்சினின் வேகம் சக்கரத்துக்குப் போகும். இடது கையால் லீவரை அழுத்தினால் பிடி விடும். ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் பிடி நன்றாக இருக்கும், லீவர் கனமாக இருக்கும். தளர்ந்திருந்தால் லீவர் லேசாக இருக்கும், பிடி நழுவும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. இதைப் புரிந்துகொண்டால் மீதிக் கதை முழுவதும் புரியும்.)

3

மச்சினன் விஷயத்தில் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி உண்டு.

கீழ்வீட்டு அம்மாவின் தம்பி அவன். லேத் பட்டறையில் வேலை. முதல் பிரதியில் அவனைக் கொஞ்சம் திருட்டு முழியோடு எழுதியிருந்தேன். சட்டைப் பையில் புது ஸ்பிரிங்குகளைப் போட்டுக்கொள்கிறவனை வாசகர் சந்தேகப்படட்டும், பிறகு இல்லை என்று காட்டிக்கொள்ளலாம் என்ற சின்ன வித்தை. மறுநாள் படித்தபோது வெட்கமாக இருந்தது. அக்கா புருஷனுக்காக ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தவனை, என் கதை ருசிக்காக நான்கு பக்கம் திருடனாக வைத்திருப்பது என்ன நியாயம்? ஆகவே இப்போதே சொல்கிறேன்: அவன் நல்லவன். என் கஷ்டமே அதுதான்.

4

வாசல் நடையில் பழைய போர்வையை விரித்து அதன்மேல் வண்டியை நிறுத்தினார்கள். எண்ணெயை வடித்தார்கள். மச்சினன் ஓர் அட்டையில் எஞ்சின் மூடியின் வடிவத்தைப் பேனாவால் வரைந்து, கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் ஓட்டை போட்டுச் சொருகினான். நீளம் ஒன்றுக்கொன்று மாறும், மாற்றிப் போட்டால் மூடி விரிசல் விடும் என்றான். புதுப் பிளேட்டுகள் காலையிலிருந்தே பிஸ்கட் டப்பாவில் எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன. எனக்குக் கொடுத்த வேலை புனலைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

கீழ்வீட்டுக்காரர் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து அதிகாரம் செய்தார். இடது கை கால்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது.

"மாப்ள, இது வண்டி. உன் பட்டறை இரும்புன்னு நினைச்சு நெம்பாத."

"நீங்க பெட்டி தூக்குற ஆளு மாமா. பேசாம உக்காருங்க."

தரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் இரண்டு பேரும் நாக்கால்தான் துடைக்கவேண்டும் என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. எனக்கும் சேர்த்துத்தானா என்று கேட்டேன். உங்களுக்கு மட்டும் துணி தருவேன் என்று பதில் வந்தது. சிரித்தோம். அன்று சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சுரண்டும் தகடு ஒன்றை எடுத்துவர அவர் உள்ளே போனபோது பழைய பிளேட்டுகள் வெளியே வந்தன. தீய்ந்த வாடை. இரும்பு வளையங்கள் நீலம் பாய்ந்திருந்தன. மச்சினன் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அக்காவைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"இது தேய்ஞ்சது இல்லக்கா. எரிஞ்சது. லீவர முழுசா அழுத்தாமலே ஓட்டிருக்காரு."

"தெரியும்டா," என்றாள் அவள். "தெனமும் பைண்டிங் ஆபீஸ் வாசல்ல என்னை இறக்கி விடுவாருல்ல. நான் உள்ள போயிட்டேன்னு நினைச்சுக்குவாரு. ரெண்டு கையையும் வச்சு அழுத்திட்டுக் கெளம்புவாரு."

(இந்த இடத்தில் அவள் முகத்தைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. புனலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

அவள் உள்ளே போனபிறகு, அவர் தகட்டோடு திரும்புவதற்குள், மச்சினன் புது ஸ்பிரிங் ஒன்றையும் பழையது ஒன்றையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பழையது நகக்கண் அளவு குட்டை. ஒவ்வொன்றாக அழுத்தினான். மறுபடி அழுத்தினான். பிறகு புதிய நான்கையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பழைய நான்கையும் துடைத்து உள்ளே வைத்து முடுக்கினான்; இறுகிக் கிடந்த லீவர் கம்பிக்கும் எண்ணெய் விட்டான். நான் பார்ப்பதை அவன் பார்த்தான்.

"சொல்லிராதீங்க சார். கொஞ்ச நாளைக்கு லேசா இருக்கட்டும். நம்மால முடியுதுன்னு மனசுல பட்டாலே கை தேறிரும். தேறினதும் நானே வந்து மாத்திப் போட்டுர்றேன்."

நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்க ஆசையாக இருக்கிறது. "நல்ல மனசுப்பா உனக்கு" என்றேன். அன்றிரவு அவனுக்காகத் தனியாக ஒரு நிமிடம் வேண்டிக்கொண்டேன்.

எல்லாம் மூடி, புது எண்ணெய் ஊற்றியதும் கீழ்வீட்டுக்காரர் வந்து வண்டியில் உட்கார்ந்தார். இடது கையை மெல்ல வெளியே எடுத்தார். லீவர் முழுவதும் உள்ளே வந்தது. விட்டுவிட்டு மறுபடி அழுத்தினார். ஏழெட்டுத் தடவை. பிறகு வீட்டுக்குள் பார்த்துச் சொன்னார்:

"நான்தான் அப்பவே சொன்னேன்ல. கையி இல்ல, கிளட்ச்சுதான்னு."

5

கதையை நான் இங்கே முடித்திருக்கவேண்டும். என் வழக்கமான கதைகள் இப்படிப்பட்ட இடத்தில்தான் முடியும்.

கையில் கோளாறில்லை என்று உறுதியாகிவிட்டதால் அவர் பந்தை அழுத்துவதை நிறுத்திவிட்டார். இதை மச்சினனும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அடுத்த டாக்டர் தேதிக்கும் போகவில்லை. பந்து தெரு நாயிடம் போய்ச் சேர்ந்தது. அந்த நாய் அதை வாயில் கவ்விக்கொண்டு என் வீட்டுப் படியில் படுத்திருப்பதைப் பார்த்தபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது.

போன வியாழக்கிழமை காலை, ரயில் பாதைக்கு மேலே போகும் பாலத்தில், மனைவி பின்னால் உட்கார்ந்திருக்க, வண்டி மறுபடி கத்தியது. எஞ்சின் வேகம் ஏறியது, வண்டி நகரவில்லை. பின்னால் வந்த லாரி கையகலத்தில் விலகிப் போனது. அவள் இறங்கி நடந்தாள். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். இதையெல்லாம் அவள்தான் வந்து சொன்னாள். தம்பியிடம் கேட்டுவிட்டிருக்கிறாள், எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவரிடம் சொல்ல அவளால் முடியவில்லை. "நான் சொன்னா, அவரு கைய நானும் நம்பலைன்னு ஆயிரும் சார்," என்றாள்.

மச்சினனைப் போய்ப் பார்த்தேன். இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றான். என் கண்ணைப் பார்க்காமல் சொன்னான்.

6

ஆகவே முடிவுகள்.

ஒன்று. மறுபடி அதே பாலம், அதே லாரி — வேண்டாம். அரைப்பக்கம் எழுதிக் கிழித்துவிட்டு எழுந்துபோய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். எழுதியது நடந்துவிடுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

இரண்டு. கை தேறுகிறது. மச்சினன் ரகசியமாக வந்து புது ஸ்பிரிங்குகளை மாட்டுகிறான். கனமான லீவரை அவர் வித்தியாசமே தெரியாமல் அழுத்துகிறார். இது கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக வருவதை நம்பக்கூடாது என்று வயது சொல்லிக்கொடுத்திருக்கிறது.

மூன்று. அவரே ஒருநாள் தனியாக மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளைப் பார்த்து —

7

மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுக்காரர்.

உட்காரச் சொன்னேன். என் புத்தக அலமாரியைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"சார், நீங்க அன்னைக்குப் பக்கத்துலயே நின்னீங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னுதான் வந்தேன். அவன் புது ஸ்பிரிங்தானே போட்டான்? போட்டிருந்தான்னா பிளேட்டு மட்டம், வேற போட்டுக்குவேன். போடலைன்னா..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நான் இந்தக் கதை நெடுகப் பாதியில் விட்ட வாக்கியங்கள் என் சௌகரியத்துக்காக விட்டவை. அவருடையது அப்படியில்லை.

"நாளைக்கு அவள ஏத்திட்டுப் போகணும் சார்," என்றார்.

ஒரு வரி பாக்கி இருக்கிறது, எழுதிவிட்டுப் பேசுகிறேன் என்று சொன்னேன். அந்த ஒரு வரிதான் இவ்வளவு நேரமாக நீண்டுகொண்டிருக்கிறது. அவர் அவசரப்படுத்தவில்லை. நான் எழுதுவது முக்கியமான ஏதோ ஒன்று என்று மரியாதையாகக் காத்திருக்கிறார்.

உண்மையைச் சொன்னால் அவருக்குக் கை போகும், மச்சினனும் போவான், ஒருவேளை வேலையும் போகும். சொல்லாவிட்டால் நாளைக் காலை அவள் பின்னால் ஏறி உட்காருவாள். இதில் எது அன்பு என்று கடவுளிடம் கேட்டுவிட்டேன். அவர் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

நான் பார்த்ததையெல்லாம் நீங்களும் பார்த்துவிட்டீர்கள். பேனாவை மூடிவிட்டுத் தலை நிமிரப் போகிறேன். இனிமேல் காகிதத்தின் பின்னால் ஒளிய இடமில்லை. நிமிர்ந்ததும் என் வாய் என்ன சொல்லவேண்டும் என்று, தயவுசெய்து, நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.