சனிக்கிழமைக் கருப்பு சாசேஜ்

ஹில்க்காவுக்கு ஒரு இடத்தில் உட்காரவே வராது. தம்பெரே ஊரில் அவள் ஓட்டும் பஸ்ஸில் ஏறியவர்களைக் கேட்டால் தெரியும். சிவப்பு விளக்குக்கு நிற்கும்போதுகூட ஸ்டியரிங் மேல் அவள் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். வரிசையில் நிற்பது என்றால் உடம்பெல்லாம் எரியும். இப்படிப்பட்டவளைப் போய்ப் படகின் பின்கோடியில், சுக்கானைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார் என்று சொன்னவன் அவள் புருஷன் ஆவுலிஸ்.

"பஸ்ஸையே நேரத்துக்குக் கொண்டுபோற. படகைக் கொண்டுபோக மாட்டியா?" என்றான் அவன். அவனும் அதே டிப்போவில் மெக்கானிக். பதினான்கு பேர் துடுப்புப் போடும் நீளப் படகு அது. கோடையில் நேசியார்வி ஏரியில் ஊருக்குள் ஒரு பந்தயம் நடக்கும். போன வருஷம் தீயணைப்புக்காரர்களின் படகு இவர்களை ஒரு துடுப்பு நீளத்தில் முந்திவிட்டது. ஒரே ஒரு துடுப்பு! அன்றிலிருந்து டிப்போவில் யாருக்கும் சோறு சரியாக இறங்கவில்லை, ஆவுலிஸுக்குத் தூக்கமே போய்விட்டது.

ஏரியில் பனிக்கட்டி உருகியதும் பயிற்சி ஆரம்பமானது, கூடவே ஆவுலிஸின் வலது தோளில் வலியும். டாக்டரிடம் போ என்றால் போவானா? ரெண்டு வருஷம் முன்னால் இதயக் குழாய் அடைபடாமல் இருக்க ஸ்டென்ட் வைத்து, தினம் ஒரு சின்ன ஆஸ்பிரின் சாப்பிடச் சொல்லி அனுப்பினார்களே, அதோடு ஆஸ்பத்திரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டான். "போனா படகுல ஏறாதேன்னு சொல்லுவாங்க. அதைக் கேக்கவா போகணும்? நீ மருந்துக்கடைல வலி மாத்திரை, அதான் இபுப்ரோஃபென், வாங்கிட்டு வா, போதும்."

வாங்கி வந்தாள். கடையில் இருந்த பெண் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்களுக்கா?" என்று கேட்டாள். ஹில்க்காவுக்கு முன்னால் நின்றவர் கால் மணி நேரம் கண் சொட்டு மருந்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போயிருந்தார். பஸ் எடுக்கும் நேரம் நெருங்கிவிட்டது. "ஆமா ஆமா, எனக்குத்தான்." வயிற்றில் புண் இருந்ததுண்டா? இல்லை. இதயத்துக்கோ ரத்தத்துக்கோ வேறு மாத்திரை? இல்லை, இல்லை. அவளைப் பொறுத்தவரை எல்லாம் உண்மைதான். அவள் வயிறு கல்லைப் போட்டாலும் கரைக்கும். அந்தப் பெண் சிரித்து, பெட்டியைக் கொடுத்து, "சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க, சில நாளைக்கு மேல வேண்டாம்" என்றாள். பாதி வாசலிலேயே ஹில்க்கா தலையாட்டினாள்.

பந்தயத்துக்கு முந்தின வாரம் ஒருநாள் வீட்டுக் கழிப்பறையைக் கழுவப்போனவள் முகத்தைச் சுளித்தாள். பீங்கானில் தார் பூசினது மாதிரி கருப்பாக ஒட்டியிருந்தது. நாற்றமும் வழக்கமான நாற்றமில்லை.

"என்னய்யா இது?"

"ஏன், புதுசா பாக்குற? மிர்யா கடை சாசேஜ் தின்னா வேற என்ன கலர்ல வரும், ரோஜாப்பூக் கலர்லயா?"

ஹில்க்கா விழுந்து விழுந்து சிரித்தாள். தம்பெரேக்காரர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பன்றி ரத்தத்தையும் மாவையும் குடலில் அடைத்துச் செய்யும் கருப்பு சாசேஜை சனிக்கிழமை சந்தையில் சுடச்சுட வாங்கி, புளிப்புச் சிவப்புப் பழ ஜாமைத் தொட்டுக்கொண்டு, ஒரு கிளாஸ் பாலோடு உள்ளே தள்ளுவது இந்த ஊரின் பழக்கம். தள்ளியது மறுநாள் கருப்பாகத்தான் வரும். சிறுபிள்ளைகூட அதைச் சொல்லிச் சிரிக்கும். ஆவுலிஸுக்கோ அது இல்லாத சனிக்கிழமை சனிக்கிழமையே இல்லை.

பந்தயமும் ஒரு சனிக்கிழமைதான் வந்தது. விடிந்ததிலிருந்து ஹில்க்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காப்பி போட்டாள், குடிக்கவில்லை. ஆவுலிஸ் சட்டை மாட்டும்போது பார்த்தாள், முகம் மெழுகு மாதிரி இருந்தது. "பதட்டம்தான்" என்றான். மாடிப்படி இறங்கும்போது நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கினான். அதற்கும் "பதட்டம்தான்" என்றான். அவனுக்குப் பதட்டம் என்று ஒன்று இருப்பதையே கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கண்டதில்லை.

அவனைப் படகுத்துறைக்கு அனுப்பிவிட்டு, ஜெயிப்பதற்கு சகுனமாக இருக்கட்டும் என்று அவள் சந்தைக்கு ஓடினாள். சாசேஜ் கடை மிர்யாவுக்கு வாய் நீளம்.

"வாம்மா ஹில்க்கா! எங்க உன் புருஷன்? இருக்கானா, இல்ல புதைச்சுட்டியா?"

"ஏன், போன சனிக்கிழமைதானே வந்து தின்னுட்டுப் போனான்?"

"எங்க வந்தான்? நடுக்கோடைப் பண்டிகை முடிஞ்சு மூணு வாரமாச்சு, அதுக்கப்புறம் இந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கல. பண்டிகைக்கு முந்தின நாள் வந்தான், பாதி தின்னான், மீதியை வெச்சுட்டு வயித்தைப் புடிச்சுக்கிட்டுப் போனான். என் சாசேஜையே வேணாம்னு வெச்ச மொத ஆளு அவன்தான், சொல்லிடு!"

ஹில்க்காவுக்கு முதலில் வந்தது கோபம். வேறு கடைக்குப் போகிறானா? வேறு பெண் என்றால்கூட உட்கார்ந்து பேசலாம். இந்த ஊரில் சாசேஜ் கடையை மாற்றுகிறவனை என்ன செய்வது? பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஏரிக்கு வந்தாள். வழியெல்லாம் ஏதோ ஒன்று அவள் மனதைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

துறையில் படகு தயாராக இருந்தது. பொட்டலத்தை நீட்டியதும் ஆவுலிஸ் மூக்கைத் திருப்பிக்கொண்டான். "அப்புறம் பாத்துக்கலாம்." வெறும் காப்பியில் ரெண்டு மாத்திரையை விழுங்கினான். பக்கத்தில் அவனோடு ஒரே பலகையில் துடுப்புப் போடும் யோர்மா தன் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து இன்னும் ஒன்றைப் பிதுக்கிக் கொடுத்தான்.

"இதையும் போட்டுக்கடா. இது வேற. என் முதுகுக்கு அமிர்தம்."

"அடேய், அவன் இப்பத்தான் ரெண்டு போட்டான்" என்றாள் ஹில்க்கா.

"அது வேற பேரு, இது வேற பேரு ஹில்க்கா. ஒண்ணுக்கொண்ணு சண்டை போடாது."

அவள் பதில் சொல்வதற்குள் ஊதல் சத்தம். எல்லாரும் படகில் ஏறினார்கள்.

துடுப்புப் போடுகிறவர்களுக்குப் போகிற திசை தெரியாது. முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார்கள். படகில் முன்னால் பார்க்கிற ஒரே ஆள் சுக்கான் பிடிக்கிறவள். அவள் பார்வைக்கு நேர் எதிரே, முழங்கால் இடிக்கிற தூரத்தில், ஆவுலிஸின் முகம். அவன் இழுக்கிற தாளத்துக்குத்தான் பின்னால் எல்லாரும் இழுக்க வேண்டும்.

"இழு! விடு! இழு! விடு!"

படகு சீறிக்கொண்டு கிளம்பியது. தீயணைப்புக்காரர்கள் பக்கத்திலேயே வந்தார்கள். பாதித் தூரத்தில் டிப்போப் படகு மூக்கை முன்னால் நீட்டிவிட்டது. "விடாதே, விடாதே!" என்று யோர்மா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். ஹில்க்காவின் வாய் தாளம் சொன்னது. கண் புருஷன் முகத்தை விட்டு நகரவில்லை. உதட்டில் சிவப்பே இல்லை. கழுத்து நரம்பு துடித்த வேகத்தை அவளால் எண்ண முடியவில்லை. நெற்றி வியர்வை முத்து முத்தாக நின்றது. உழைக்கிறவன் வியர்வை அப்படி நிற்காது, வழியும்.

அப்போதுதான், காலையிலிருந்து பிறாண்டியது என்னவென்று தெரிந்தது. பண்டிகைக்கு அப்புறம் இவன் சாசேஜே தின்னவில்லை. கழிப்பறையைக் கழுவியது போன வாரம்.

அப்படியானால் பீங்கானில் ஒட்டியிருந்தது சாசேஜ் கருப்பு இல்லை, இவன் வயிற்று ரத்தம். இருக்காது, மிர்யா மறந்திருப்பாள், கூட்டத்தில் பார்த்திருக்க மாட்டாள். கடைசியாக ஒரு முறை கேட்டுவிடலாம்.

"ஆவுலிஸ்! இழு! போன சனிக்கிழமை சாசேஜ்... விடு! எப்படி இருந்துச்சு?"

"இப்பவா... கேக்குற?"

"சொல்லுய்யா! இழு!"

"எப்பவும்போல... நல்லாத்தான்... ஜாம்தான் கொஞ்சம்... புளிப்பு."

ஜாம் புளிப்பாம்! போகாத கடை, தின்னாத சாசேஜ், அதற்கு ஜாம் வேறு. ஹில்க்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பாவி, உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, உனக்கு ஒரு துடுப்பு நீளம் பெரிசாகப் போய்விட்டது. உடனே இன்னொன்றும் வந்தது, அதுதான் குத்தியது. எனக்குத்தான் என்று சொல்லி அந்தப் பெட்டியை வாங்கி வந்தது யார்? அந்தப் பெண் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் இவனுக்கான கேள்வி.

அவள் சுக்கானைத் திருப்பிப் படகைக் கரைப் பக்கம் விட்டாள்.

படகு மெல்லத் திரும்பியது. தலையைத் தொங்கப்போட்டு இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கவனிக்கவில்லை. ஆவுலிஸ் மட்டும், அவள் தோளுக்குப் பின்னால் தண்ணீரில் படகு விட்டுவந்த கோடு வளைவதைப் பார்த்துவிட்டான்.

"ஏய்! எங்க... போற?"

"பாறை. சுத்திப் போறேன். நீ துடுப்பை மேல தூக்கு."

"இங்க ஏது... பாறை? நான் பொறந்து வளர்ந்த ஏரி!"

"தூக்குன்னா தூக்குய்யா! மத்தவங்க இழுங்க! இன்னும் வேகமா!"

தீயணைப்புக்காரர்களைத் தாண்டத்தான் சொல்கிறாள் என்று நினைத்து மற்றவர்கள் உயிரைக் கொடுத்து இழுத்தார்கள். அப்படி ஒரு வேகம் பயிற்சியில்கூட வந்ததில்லை. படகு கரையோரத்தில் கம்பளம் துவைக்கும் மேடையைப் பார்த்துப் பறந்தது. அங்கே முழங்கால் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், தன்மேல் பாய்ந்து வரும் படகைப் பார்த்து பிரஷ்ஷைப் போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!" என்று ஹில்க்கா கத்தினாள். "ஆம்புலன்ஸ்!"

அப்போதுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தூரத்தில் தீயணைப்புப் படகு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. படகுக்குள் எழுந்த கூச்சலைச் சொல்லி மாளாது. "பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? கையில இருந்ததை விட்டுட்டியே!" என்று யோர்மா துடுப்பைத் தூக்கி எறிந்தான். ஆவுலிஸ் வாயைத் திறந்து ஏதோ வசவு சொல்லப்போய் விருட்டென்று எழுந்தான். எழுந்தவன் கண் மேலே செருக, ஹில்க்காவின் மடியிலேயே சாய்ந்தான். காப்பித் தூளைக் கரைத்தது மாதிரி அவள் பாவாடை முழுக்க வாந்தி எடுத்தான்.

துடுப்பு இருந்தவர்கள் மிச்சத் தூரத்தை மேடைவரை இழுத்தார்கள்.

அவனை மேடைக்குத் தூக்கி, துவைத்துக் காயப்போட்டிருந்த கம்பளத்தில் படுக்கவைத்தார்கள். ஆம்புலன்ஸில் வந்த இளம்பெண் அவன் கண் இமையை இழுத்துப் பார்த்தாள், கையில் ஊசி ஏற்றினாள். "என்ன மாத்திரை சாப்பிடுறார்?"

"ஒண்ணுமில்ல" என்று முனகினான் ஆவுலிஸ், கண்ணை மூடிக்கொண்டே.

"நீ வாயை மூடு!" என்றாள் ஹில்க்கா. "இதயத்துல ஸ்டென்ட் இருக்கு. தினம் ஆஸ்பிரின். அதுக்கு மேல இபுப்ரோஃபென், பயிற்சி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து. இன்னிக்கு வெறும் வயித்துல ரெண்டு. மலம் தார் மாதிரி, போன வாரத்துலேர்ந்து. அதுக்கு முன்னாடியும் இருந்திருக்கும், சாசேஜ்னு சொல்லி என்னை ஏமாத்திட்டான். மாத்திரை வாங்கிட்டு வந்தது நான்தான். கடைல எனக்குன்னு சொல்லி வாங்கினேன்."

"வேற ஏதாவது?"

யோர்மா மெதுவாக அட்டையை எடுத்து மேடைப் பலகையில் வைத்தான். "இதுல ஒண்ணு நான் கொடுத்தேன். புதன்கிழமையும் கொடுத்தேன்." அவனுக்குப் பின்னால் உட்காருகிறவன் தொண்டையைக் கனைத்தான். "நானும். வலிக்குதுன்னு சொன்னான்." இன்னொருவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பையைத் துழாவினான். அட்டைகள் ஒவ்வொன்றாகப் பலகைக்கு வந்தன. யாருக்கும் யாரையும் நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை.

அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "இதுவும் இபுப்ரோஃபென். இதுவும் அதேதான். இது பேரு வேற, வகை ஒண்ணுதான், எல்லாமே வயித்தைப் புண்ணாக்கும். ஆஸ்பிரினும் இதே வகைதான், ரத்தத்தை உறையவும் விடாது." அதற்குமேல் அவள் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அன்றே வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்த இடத்தை அடைத்தார்கள். நிறைய ரத்தம் ஏற்றினார்கள். பந்தயத்தை முடித்துவிட்டு வந்திருந்தால் ஆளை உயிரோடு கொண்டுவந்திருக்க முடியாது என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். ஹில்க்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். உட்காருங்கள் என்று நர்ஸ் நாற்காலி போட்டாள். ஹில்க்கா உட்காரவில்லை.

மறுநாள் ஆவுலிஸ் கண் விழித்தான். கன்னத்தில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. முதல் வார்த்தையாக என்ன கேட்டான் தெரியுமா?

"யாரு ஜெயிச்சது?"

"தீயணைப்புக்காரங்க."

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "நாமதான் ஜெயிச்சிருப்போம்."

"ஆமா. கோப்பையை உன் சவப்பெட்டி மேல வெச்சு, யோர்மாவை விட்டு அழச் சொல்லியிருப்பேன்." சொல்லும்போதே அவளுக்குக் கண்ணில் நீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. "சாசேஜ் தின்னேன்னு ஏன்யா பொய் சொன்னே? அதுவும் ஜாம் புளிப்புன்னு வேற!"

அவன் சுவரைப் பார்த்தே சொன்னான்.

"அந்த வாசனையே ஆகல. பண்டிகைலேர்ந்தே வயிறு சரியில்ல. சொல்லியிருந்தா என்னைப் படகை விட்டு இறக்கியிருப்பே."

"இப்ப மட்டும் என்ன பண்ணினேன்?"

அவன் சிரிக்கப் பார்த்தான், வயிறு வலித்தது. ஊசி ஏற்றியிருந்த கையைப் போர்வை மேல் அவள் பக்கம் நகர்த்தினான். ஹில்க்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை.